நாமா, நாங்களா

ஏழாம் மாதம், 3

காலை அணிவகுப்பில் சீருடையின் இடது தோள் மறுபடி பிரிந்துவிட்டது. தையல்காரரிடம் கொண்டுபோனேன். "எல்லாத்தையும் வலது கையாலதான் செய்றீங்க, இடது தோள் எப்படிம்மா பிரியுது?" என்றார். பதினோரு வருடமாக அவருக்கு இதே சந்தேகம். எனக்கும்தான்.

பழைய நோட்டு ஈரத்தில் ஊறிப் போனதால் இது புதியது. முதல் பக்கம் என்பதால் முறையாக எழுதி வைக்கிறேன். பேரரசரின் காவல் அணியில் ஐந்து பேர். ஐந்து கிரகம், ஐந்து சக்தி. தலைவர் உடம்பில் எந்த ஆயுதமும் தைக்காது. கொள்ளிக்கு விரல் நுனியில் நெருப்பு. மலை ஒரு கப்பலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வான். ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் கண் கலங்கிவிடுவான். இரட்டை அண்ணன் ஒரே நேரத்தில் இரண்டு ஆளாக இருப்பார். சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு தட்டு எடுப்பார், சமையல்காரர் முறைப்பார், இரண்டு பேரும் பல்லைக் காட்டுவார்கள்.

நான் கதவு. வலது உள்ளங்கையைக் கதவில் வைத்து நினைத்தால் போதும், கதவும் அந்த அறையின் சுவர்களும் சேர்ந்து இறுகிவிடும். கையை எடுத்தாலும் ஒரு நாள் தாங்கும். மறுபக்கம் யாராவது இடித்தால் மட்டும் கையை எடுக்கக் கூடாது. அதனால் எனக்குப் பெயர் தாழ்ப்பாள். தெருவில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் மற்ற நால்வரும் மேலாடை பறக்க நிற்கிறார்கள். நான் ஓரத்தில், பாதி முகம்.

நாளை பேரரசர் கப்பல் பட்டறையைப் பார்வையிடுகிறார். சீக்கிரம் எழ வேண்டும்.

ஏழாம் மாதம், 4

இன்று எழுத முடியாது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்.

ஏழாம் மாதம், 5

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

பட்டறையில் இரண்டு கொட்டகை, நடுவில் ஓர் இரும்புக் கதவு. பக்கத்துக் கொட்டகையில் பளுதூக்கியின் சங்கிலி அறுந்து, ஓர் இயந்திரம் எண்ணெய்த் தொட்டியின் மேல் விழுந்தது. தீ. நான் ஓடிப்போய் இரும்புக் கதவில் கை வைத்தேன். மறுபக்கத்திலிருந்து தீ தள்ளியது. எனக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் பேரரசர், அவர் முழங்கையைப் பிடித்தபடி இரட்டை அண்ணனின் ஓர் ஆள். அவருடைய இன்னொரு ஆள் வெளியே தலைவரோடு. கூரையிலிருந்து ஒரு விட்டம் பெயர்ந்து உள்ளே இருந்த ஆளின் தலையில் விழுந்தது. அவர் சாய்ந்துவிட்டார். ஒரே புழுதி.

பேரரசர் அசையவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் எனக்கு அவர் பேரரசராகவே தெரியவில்லை. பயந்துபோன ஒரு வயதானவர், அவ்வளவுதான். கழுத்தைத் திருப்பிக் கத்தினேன்.

"வாங்க, நாம போயிடலாம்."

அவர் பக்கவாசல் வழியாகப் போனார். நான் போகவில்லை, கதவை விட முடியாதே. மலை வந்து அண்ணனைத் தூக்கிப் போகும்வரை நின்றேன். பிறகு ஓடினேன்.

யாருக்கும் சாவில்லை. பேரரசருக்கு ஒரு கீறல் இல்லை. அண்ணனின் தலையில் பதினோரு தையல். இது நல்ல செய்தி.

கெட்ட செய்தி, நான் சொன்ன அந்தச் சொல். "நாம்" பேரரசருடைய சொல். பேரரசு முழுவதிலும் அவர் ஒருவர்தான் தன்னை "நாம்" என்று சொல்லலாம். சேவையில் இருப்பவர்கள் வாயில் அது வரவே கூடாது. அணியில் சேர்ந்ததும் ஒரு மாதம் இதற்குத்தான் பயிற்சி: எங்கே போனாலும், யாரோடு பேசினாலும், "நாங்கள்". நான் நாம் என்றது மட்டுமில்லை, அவரையும் என்னோடு சேர்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். புழுதியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஏழாம் மாதம், 6

கேட்டிருக்கிறார்கள்.

மதியம் இரட்டை அண்ணனைக் கைது செய்தார்கள், இரண்டு பேரையும். பேரரசருக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டதாம், கரகரவென்று. பக்கத்தில் நின்றவர் அவர். மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே கூட்டிப்போய்விட்டார்கள்.

சாதாரணப் பூட்டு அவருக்கு ஆகாது. ஓர் ஆளை உள்ளே விட்டுவிட்டு இன்னோர் ஆளாக வெளியே நிற்பார். ஆகவே தினமும் காலையில் அந்த அறைக் கதவில் கை வைக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு. வைத்தேன்.

கம்பி ஜன்னல் வழியாக இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு தலையில் கட்டு. கட்டுப் போட்டவர் சொன்னார்: "நல்லா அழுத்தி வை தாழ்ப்பா. இவன் ஓடிப் போயிடுவான்."

ஏழாம் மாதம், 8

இன்று என்னை விசாரித்தார்கள்.

விசாரணை அதிகாரி ஒல்லியானவர், ஜலதோஷக்காரர். மூக்கைத் துடைத்துத் துடைத்து நுனி சிவந்திருக்கிறது. மேஜையில் ஒரு தாள், இரண்டு பேனா. பக்கவாசலுக்கு வெளியே நின்ற மூன்று சாட்சிகள் "நா" என்று ஆரம்பித்ததைக் கேட்டார்களாம். மீதி புழுதியில் போய்விட்டது.

"நீங்க கேட்டது நாமா, நாங்களா?"

"ரெண்டுல எது சார் நல்லது?"

"நல்லதுன்னு எதுவும் இல்லம்மா. நாம்னா சேர்த்துச் சொன்ன குற்றம். சக்திய எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாங்கள்னா பேரரசர விட்டுட்டு நாங்க மட்டும் போறோம்னு அர்த்தம். விட்டுச் சென்ற குற்றம். அதுல வீட்டுக்கு அனுப்ப ஆள் மிஞ்சாது."

"வெறுமனே போயிடலாம்னு சொல்லியிருந்தா?"

"அதுல குற்றமே இல்ல. ஏன் அப்படிச் சொல்லலைன்னுதான் எனக்கும் வருத்தம்."

உண்மையிலேயே வருத்தப்படுகிற முகம். பேரரசரையே கேட்டால் என்ன என்றேன். பேரரசரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை என்று, ஏதோ நான் வானம் எதற்கு என்று கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார். பிறகு அவரே சொன்னார்: "உங்க மேல சந்தேகமே வரலம்மா. போயிடலாம்னு சொல்றவ கதவ விடாம நிப்பாளா?"

இது நல்ல நியாயம். இதைவிட நல்ல நியாயத்தை நான் கேட்டதில்லை.

"புழுதி சார். கேக்கல" என்றேன். அதையே எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

ஏழாம் மாதம், 9

ஏன் அப்படிச் சொன்னேன்?

காரணம் இருக்கிறது. என் தங்கைக்கு நுரையீரல் சரியில்லை. எங்கள் கிரகத்துக் காற்றில் அவளால் பத்து எட்டு நடக்க முடியாது. இங்கே காவலர் குடியிருப்பில் வடிகட்டிய காற்று, வாரம் ஒருமுறை மருத்துவர். என் வேலை போனால் பத்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதுதான் காரணம். எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, "நாங்க சாப்பிடலாமா?" என்றேன். பழக்கம். வீட்டிலும் அப்படித்தான் வருகிறது.

"நீங்கல்லாம் சாப்பிடுங்க. நான் யாருன்னு கேட்டுட்டு வரேன்" என்றாள்.

வழக்கமான கேலிதான். இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

ஏழாம் மாதம், 10

கை வைத்தேன்.

ஏழாம் மாதம், 11

அண்ணன் தன்னோடு தானே காய் நகர்த்தி விளையாடுகிறார். கட்டுப் போட்டவர் தோற்றுக்கொண்டே இருக்கிறாராம். "அடிபட்ட தலைன்னு பாக்க மாட்டேங்கறான், படுபாவி" என்று என்னிடம் புகார்.

பிறகு கொஞ்சம் தீவிரமாகப் பேசினார். அந்த விட்டம் விழுந்த பிறகு கொட்டகையில் இருந்த தன் ஆளுக்கு என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. அந்த ஒரு நிமிடம் நினைவில் இல்லை. "நான்தான் சொல்லியிருப்பேன் தாழ்ப்பா. வேற யாரு? அடிபட்டு விழறப்ப உளறியிருப்பேன்."

நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லவில்லை.

அப்புறம் அவர் சொன்னது: "சக்திய எடுத்தா ரெண்டுல ஒருத்தன் போயிடுவானாம். யார்னு டாக்டராலயும் சொல்ல முடியாதாம். அதுல ஒரு சிக்கல் பாரு, ரெண்டு பேருமே நான்தான் நான்னு நினைச்சிட்டிருக்கோம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவர் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

எனக்குச் சக்தியை எடுத்தால் ஒரு கை சாதாரணக் கையாகும். அவருக்கு எடுத்தால் ஓர் ஆள் சாகிறார். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "வீட்டுக்கு அனுப்புதல்".

ஏழாம் மாதம், 13

தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம், ஒரே மூச்சில்: "தலைவரே, அதைச் சொன்னது நான்தான்."

அவர் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"எனக்குக் காது கேக்கல."

"நான்தான்—"

"கேக்கலன்னு சொன்னேன். அவன் ஒத்துக்கற மனநிலையில இருக்கான். விஷயம் நாம்னு முடிஞ்சா ஒரு சக்தியோட போகும். நீ உள்ள வந்து குட்டைய குழப்பினா மறுபடி நாமா நாங்களான்னு ஆரம்பிப்பாங்க. அப்ப அணியே போகும். ஒருத்தர் போதும்."

"ஒருத்தர்னா யார் தலைவரே? அவரு ரெண்டு பேரு."

இன்னொரு பூட்ஸை எடுத்தார்.

அவர் உடம்பில் எதுவும் தைக்காது, மனதிலும் தைக்காது என்று கொள்ளி முன்பு சொன்னபோது அவளைக் கண்டித்தேன். கண்டித்திருக்க வேண்டாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும்: அவர் அறையை விட்டு நான் வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லிவிட்டேன், அவர்தான் கேட்கவில்லை என்று. என்ன பிறவி நான்?

ஏழாம் மாதம், 14

அண்ணன் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டார். இரண்டு கையெழுத்து. சக்தி நீக்கம் 17ஆம் தேதி காலை.

ஏழாம் மாதம், 15

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மருந்துப் புகையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன் இன்னும் சொல்லல?"

"உனக்காகத்தான்."

"எனக்கு மூச்சுதானே பிரச்சனை, அறிவு இல்லையா? என் மூச்ச சாக்கா வச்சுக்கிட்டு அங்க ஒரு ஆள சாகடிக்காத அக்கா. நாளைக்கு நான் இழுக்கற ஒவ்வொரு மூச்சும் அந்த ஆளோட மூச்சுன்னு தோணும். எனக்கு அது வேணாம்."

பேசி முடித்ததும் இருமல் வந்தது. வெகுநேரம் இருமினாள். முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே என் கையை எடுத்து முதுகில் வைத்துக்கொண்டாள்.

ஏழாம் மாதம், 16

வாக்குமூலத்தை மாற்ற விசாரணை அதிகாரியிடம் போனேன். வழக்குக் கோப்பை மூடிவிட்டாராம். ஒப்புதல் வாக்குமூலம் இருக்கும் கோப்பை மறுபடி திறக்க ஒரே ஒரு விதிதான்: தண்டனை நிறைவேறாமல் முழுதாக ஒரு நாள் தள்ளிப்போக வேண்டும். "தள்ளிப்போகாதும்மா. இதுவரைக்கும் போனதில்ல" என்றார். மூக்கை உறிஞ்சினார்.

போனதில்லையாம்.

ஏழாம் மாதம், 17

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல். வலது கை கதவில் இருக்கிறது.

காலையில் தலைவரும் சிறைக்காவலர் மூவரும் வந்தார்கள், அண்ணனைக் கூட்டிப்போக. "திற" என்றார் தலைவர். திறக்கவில்லை. ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. பூட்டைப் பார்த்தார்கள், கீலைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"வாக்குமூலத்தை மாத்தணும் தலைவரே. அந்த அதிகாரி வந்து எழுதற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது."

"விளையாடாதே."

"இல்லை."

அவர் நிறையப் பேசினார். பதினோரு வருடச் சேவை, சத்தியப்பிரமாணம், வெட்கம், துரோகம். என்னைத் தூக்கி எறிய முடியாது. கை கதவோடு இருக்கும்வரை நானும் கதவோடு சேர்ந்து இறுகித்தான் இருப்பேன். தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். இடது தோள் பிரிந்தது.

உள்ளே அண்ணனுக்கு இப்போதுதான் விளங்கியது. "அப்ப நீயா?" என்றார் ஒருவர். மற்றவர் கேட்டார்: "நான் இல்லையா அப்ப?" மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் கேட்டேன், எவரிடம் கேட்கவில்லை என்று தெரியாததால் இரண்டு முறை கேட்டேன்.

மதியம் கொள்ளியை வரச் சொன்னார்கள். இரும்பைப் பழுக்கவைக்கச் சொல்லி உத்தரவு. "ஜுரம் சார்" என்றாள். நெருப்புக்காரிக்கு ஜுரம் வந்ததை நான் கேள்விப்பட்டதில்லை. திரும்பிப் போகும்போது என் காலடியில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

மாலையில் மலை வந்தான். தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவன் இடிக்க வேண்டியிருந்தது. தோளைக் கொடுத்து முட்டினான், முனகினான், வியர்த்தான். கட்டடமே ஆடியது. எனக்கு எலும்பு வரைக்கும் வலித்தது. ஆனால் அவன் முழு பலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். என் காதுக்குப் பக்கத்தில் வந்தபோது மெதுவாகக் கேட்டான்: "அக்கா, சத்தம் போதுமா?"

ஏழாம் மாதம், 18

தூங்கினேனா தெரியவில்லை. கை மரத்துவிட்டது. அது இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் முடிந்ததும் விசாரணை அதிகாரி வந்தார். மேஜை இல்லை. நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடைமேல் தாளை வைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. முதல்முறையாக விதி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

"சொன்னது நீங்க?"

"நான்."

"நாமா, நாங்களா?"

"நாம."

"பேரரசர உங்களோட சேர்த்துக்கறீங்கன்னு தெரிஞ்சு சொன்னீங்களா?"

இதற்கு யோசித்தேன். தெரியாமல் வாய் தவறி வந்தது என்றால் தண்டனை கொஞ்சம் குறையலாம். ஆனால் அது உண்மையில்லை.

"அங்க ரெண்டு பேரு நின்னுட்டிருந்தோம் சார். தீ ரெண்டு பேரையும்தான் சுடும். சேர்த்துத்தான் சொன்னேன்."

எழுதினார். நின்று நிதானமாக, ஒரு எழுத்து விடாமல். வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். சரியாக இருந்தது.

கையை எடுத்தேன்.

ஏழாம் மாதம், 22

தீர்ப்பு. எனக்குச் சக்தி நீக்கம், சேவை நீக்கம். இரட்டை அண்ணனுக்கு விடுதலை. தாளின் அடியில் பேரரசரின் கையெழுத்தில் ஒரு வரி: "பெண்குரல்தான். நாம் கேட்டோம்."

முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஆறடி தூரத்தில் நின்றவருக்குத் தெரியாமலா இருக்கும்? பதினெட்டு நாள் வாயைத் திறக்கவில்லை, அந்த மனுஷன். அவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை, அவரும் கேட்காமல் எதையும் சொல்வதில்லை. தாளைக் கசக்கினேன். பிறகு கோப்புக்கு வேண்டும் என்று அதிகாரி கேட்டார். நீவிக் கொடுத்தேன்.

அவரைப் பற்றித் திட்டி எழுத எனக்கு அருகதை இல்லை. நானும் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை.

ஏழாம் மாதம், 24

எடுத்தார்கள். வலிக்கவில்லை. கை ஈரத்துணி மாதிரி இருக்கிறது.

ஏழாம் மாதம், 30

வீட்டைக் காலி செய்தாயிற்று. இரட்டை அண்ணன் இருவரும் வந்து பெட்டிகளைக் கப்பலடிக்குச் சுமந்தார்கள். அடிபட்டவர் தலைக்கட்டைப் பிரித்துவிட்டிருந்தார், ஆனாலும் எவர் எவர் என்று எனக்குத் தெரிந்தது. ஏறும்போது தழும்பு உள்ளவர் மட்டும் அருகில் வந்து நின்றார். "உன்மேல கோபம்தான். போகப் போகச் சரியாயிடும்" என்றார். மற்றவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இல்ல" என்றார்.

எட்டாம் மாதம், 19

எங்கள் கிரகத்துக்குத் திரும்பவில்லை. இந்தப் புது ஊரில் காற்று சுமார். தங்கை மாடிப்படி ஏறுகிறாள், நடுவில் இரண்டு முறை நின்று. மருத்துவர் இங்கே மாதம் ஒருமுறைதான். எனக்கு ஒரு துணிக் கிடங்கில் வேலை, மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுவது.

வாடகை வீட்டின் வாசல் கதவு கீல் விட்டுப் போயிருந்தது. இன்று தச்சரை வரச் சொன்னோம். வயதான மனிதர், வாயில் இரண்டு திருகாணி. வெளியே நல்ல காற்று.

"கொஞ்சம் கதவ பிடிச்சுக்கங்கம்மா" என்றார்.

வலது கையை வைத்தேன்.

"ஆடுதும்மா. நல்லா பிடிங்க."

இடது கையையும் வைத்துக்கொண்டேன். அவர் திருகி முடிக்கும்வரை பிடித்திருந்தேன்.